கஞ்சியும் பாவும்

அக்கா பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்குக் காஞ்சிபுரத்தில் சொன்ன விலையைக் கேட்டதும் அத்தானுக்கு வேர்த்துவிட்டது. "ஆரணிக்குப் போயிடலாம்டா. பட்டு பட்டுதானே!" என்றார். போனோம்.

சித்திரை வெயில். வேலூரில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ். ஆரணிக்குள் நுழைகிறபோதே இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். முதலில் அரிசி லாரிகள். ஆரணி அரிசிக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரு பேர் இருப்பதால் ரைஸ் மில்களுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் தறிச் சத்தம். இப்போது அதில் பாதிக்கு மேல் விசைத்தறிச் சத்தமாக இருக்கலாம். ஆனாலும் சந்துக்குள் போனால் மனுஷன் காலால் மிதித்து, கையால் இழுத்து நெய்கிற அந்தப் பழைய தாளம் இன்னும் கேட்கிறது.

பெண்கள் புடவைக் கடையில் உட்கார்ந்துவிட்டால் ஆண்களுக்கு இரண்டு மணி நேரம் விடுதலை. அத்தான் டீக்கடைக்குப் போனார். நான் நெசவாளர் தெருவுக்குள் நழுவினேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயசு மதிக்கத்தக்க பெரியவர். தறியில் உட்காரப் போகிறவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வெயிலுக்காங்கய்யா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"இல்ல தம்பி. கை சொரசொரன்னு இருந்தா பட்டு இழை மாட்டிக்கும். எங்க வேலைக்குக் கைதான் மொதல்." கொஞ்ச நேரம் கையைத் தேய்த்தார். "எங்க தாத்தாவோட அப்பா தாது வருசத்துல கல்லு உடைக்கப் போனாராம். மழை பேஞ்சதுக்கு அப்பறம் திரும்பி வந்து தறியில உக்காந்தா, கை சொன்னபடி கேக்கலையாம். தொட்ட இழையெல்லாம் அறுந்துச்சாம். கஞ்சி ஊத்துனாங்க, உசுரு நின்னுச்சு. ஆனா ஒரு பாவு குடுத்திருந்தா கையும் நின்னிருக்கும்னு தாத்தா சொல்லும்."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல். மூன்று புடவைக்கு ஒரு பாவு என்பது கணக்கு. பாவு கையில் இருந்தால் நெசவாளிக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

சுமார் 150 வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடையை அவர் போன வாரம் நடந்த மாதிரி சொன்னார். புடவை விவகாரம் எனக்கு மறந்தே போனது.

'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் பருவமழை பொய்த்தது. 1877 கோடையில் சென்னை ராஜதானியின் பெரும்பகுதி வெந்து கிடந்தது. ஆரணியை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்திலும் அதன் பின்னால் வந்த காலரா, காய்ச்சல்களிலும் செத்தவர்கள் பிரிட்டிஷ் ஆண்ட பகுதிகளில் மட்டும் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைவிட அதிகம் என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்றுதான் முதலில் புத்தி போகும். ஆகவே பஞ்சத்தின் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1877 ஜனவரி 1. டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கிறார். ஒரு வாரம், 68,000 பேருக்கு விருந்து. அதே மாதம், சென்னையில் பஞ்ச நிவாரணச் செலவு எகிறுகிறதே என்று கவலைப்பட்டு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சிக்கனம் பிடிக்க அனுப்புகிறார்.

இந்த டெம்பிள் கதை ஒரு தனி வேடிக்கை. 1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, பட்டினிச் சாவே ஏறக்குறைய இல்லாமல் பார்த்துக்கொண்டவர் இதே ஆள்தான். பாராட்டவா செய்தார்கள்? 'இவ்வளவு பணத்தை வாரி இறைப்பதா?' என்று திட்டித் தீர்த்தார்கள். லண்டன் பத்திரிகைகள்கூட வறுத்தெடுத்தன. பட்ட அடி மனுஷனை மாற்றிவிட்டது. சென்னைக்கு வந்தபோது அவர் வேறு டெம்பிள்.

நிவாரண வேலைக்கு வருகிற ஆண் ஒருவருக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓர் அணா என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. இதை வாங்க நாள் பூரா கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், 'இந்த அளவில் ஆள் பிழைக்க மாட்டான், 680 கிராமாவது வேண்டும், கூடவே காய்கறி, பருப்பும் வேண்டும்' என்று எழுத்து எழுத்தாக மல்லுக்கட்டினார். சில மாதம் கழித்து அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் கோடை வந்துவிட்டது. மைக் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2001-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு ஒப்பீடு போட்டிருக்கிறார். டெம்பிள் கூலியில் கிடைத்தது 1,627 கலோரி. ஹிட்லரின் புகன்வால்ட் வதைமுகாமில் கைதிக்குக் கொடுத்தது 1,750 கலோரி.

இந்த வரிசையில் நெசவாளியை நிறுத்திப் பாருங்கள்.

அன்றைக்கு ஆரணியின் பெருமை மெல்லிய மஸ்லின் துணி. 'ஆரணி மஸ்லின்' என்றால் வெள்ளைக்காரன் வரை மதிப்பு. ஆனால் பஞ்சத்தில் முதலில் சாகிற தொழில் நெசவுதான். விவசாயிக்கு மழை இல்லாவிட்டால் விளைச்சல் இல்லை. நெசவாளிக்கு நூல் இருக்கும், தறி இருக்கும், கையும் இருக்கும். துணி வாங்கத்தான் ஆள் இருக்காது. சோற்றுக்கே வழியில்லாதவன் வேட்டியா வாங்குவான்? விலைவாசி ஏற ஏறத் துணி வீட்டிலேயே தேங்கும். அப்புறம் பித்தளைப் பாத்திரம் போகும். கடைசியில் தறிக்கட்டையே விறகு விலைக்குப் போகும்.

உட்கார்ந்து, நிழலில், விரல் நுனியால் வேலை செய்து பழகியவனைக் கொண்டுபோய் வெயிலில் சம்மட்டி பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? இந்த யோசனை அன்றைய அதிகாரிகள் சிலருக்கும் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். சென்னை அரசு தாமதமாகவாவது விழித்துக்கொண்டு, சில இடங்களில் நெசவாளருக்கு நூலை முன்பணமாகக் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்கிற ஏற்பாடு செய்தது. கல் உடைக்கும் வேலையைவிட இதில் செலவும் பெரிதில்லை, ஏனென்றால் துணி கையில் நிற்கிறதே! பி.காம். மூளைக்கு இது உடனே புரியும். ஆனால் எல்லாத் தெருவுக்கும் அந்த நூல் வந்து சேரவில்லை. பெரியவரின் கொள்ளுத்தாத்தா சம்மட்டிதான் பிடித்தார்.

சரி, சர்க்கார் கதை இது. 'கஞ்சி ஊத்துனாங்க' என்றாரே பெரியவர், அது யார்?

பலர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை அவர்களில் ஒருவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதினாரே, அவரேதான். கத்தோலிக்கர். கைப்பொருளைக் கரைத்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். அதைப் பார்த்து நெகிழ்ந்து அவரைப் பாடியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். கிறிஸ்தவர் ஊற்றினார், சிவபக்தர் பாடினார்! வடலூரில் வள்ளலார் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1867 மே மாதம், இதே மாதிரி ஒரு கோடையில் தரும சாலையை ஆரம்பித்து அடுப்பு மூட்டியிருந்தார். அந்த அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை.

வட ஆற்காட்டில் இந்த வேலையில் இறங்கியவர்களில் ஒரு அமெரிக்கக் குடும்பம் உண்டு. ஸ்கடர் குடும்பம். தலைமுறை தலைமுறையாக டாக்டரும் பாதிரியுமாகவே பிள்ளை பெற்ற குடும்பம். முதல் ஆள் டாக்டர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்த பிராக்டீஸை விட்டுவிட்டு 1819-ல் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் முதலில் மருத்துவம் பார்த்தார். பிறகு சென்னை. அவருடைய பிள்ளைகள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூன்று பேரும் சேர்ந்து 1853-ல் ஆரம்பித்ததுதான் ஆற்காடு மிஷன். தொடக்க காலத்திலிருந்தே ஆரணியில் அவர்களுக்கு ஒரு நிலையம் இருந்தது. இன்னொரு பிள்ளை சைலஸ், 1866-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரிதான் இன்று ராணிப்பேட்டையில் ஸ்கடர் பெயரோடு நிற்கிறது.

ஏழாவது பிள்ளை ஜான், அப்பாவின் பெயரே. 1877 கோடையில் அவர் குடும்பத்தோடு வேலூரில் இருந்தார். பங்களாக் காம்பவுண்டுக்குள் பட்டினிக் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து ரொட்டி கொடுப்பார்கள். பல குழந்தைகளுக்கு ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கையில் தெம்பில்லை. ஜானின் கடைசிப் பெண்ணுக்கு வயசு ஆறு. ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து அந்தக் குழந்தைகளின் வாயில் வைப்பது அவளுக்குத் தரப்பட்ட வேலை. தன் வயசுக் குழந்தைகள். சில குழந்தைகள் மறுநாள் வரவில்லை. ரோட்டோரத்தில் கிடந்த உடல்களையும் அவள் பார்த்தாள்.

கருணை பொங்கி, 'நான் இவர்களுக்காக வாழ்வேன்' என்று அந்தப் பெண் சபதம் எடுத்திருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ம்ஹூம். எப்படியாவது இந்த ஊரை விட்டு ஓடிப்போய்விட வேண்டும், ஜென்மத்துக்கும் மிஷனரி ஆகக்கூடாது என்றுதான் முடிவெடுத்தாள். ஆறு வயசில் அவ்வளவையும் பார்த்த குழந்தை வேறென்ன நினைக்கும்? எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போனதே இந்த இடத்தில்தான்.

பெயர் ஐடா. பாக்கிக் கதைக்குப் பிறகு வருவோம்.

அதற்குள் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டுவிடலாம். நீங்களும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பஞ்ச காலத்தில் பாதிரியார் கஞ்சி ஊற்றியது பசிக்காகவா, மதத்துக்காகவா?

பஞ்சத்துக்குப் பிறகு ஏராளமான பேர் கிறிஸ்தவர்களானார்கள். நெல்லைப் பக்கம் கால்டுவெல்லின் சபையில் பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். ஆற்காட்டிலும் சேர்ந்தார்கள். 'சோத்துக் கிறிஸ்தவன்' என்ற ஏளனப் பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. வெளியாள் சொன்னது மட்டும் இல்லை, மிஷனரிகளுக்கே அந்த உறுத்தல் இருந்தது.

அப்போது சென்னை ராஜதானியில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் செய்ததைப் பாருங்கள். அவர் பாதிரியாவதற்கு முன்னால் அமெரிக்காவில் நில அளவை வேலை பார்த்தவர். பஞ்ச நிவாரணத்துக்காக அரசு பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டியது. ஆமாம், சென்னையில் இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோமே, அதே கால்வாய்தான். அதில் மூன்றரை மைல் நீளத்தை கிளஃப் கான்ட்ராக்ட் எடுத்தார். தன்னை நம்பி வந்தவர்களை அங்கே வேலைக்கு வைத்து, ஒழுங்காகக் கூலி கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களிடம் 'இப்போது கிடையாது' என்று சொல்லிவிட்டார். பஞ்சம் இருக்கிறவரை, ஒரு வருஷத்துக்கும் மேல், யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை. சோற்றுக்காக வந்தான் என்ற பேச்சு வரக்கூடாதாம். மழை பெய்து, கூலி வேலையும் முடிந்த பிறகு, இனிமேல் கொடுக்க ஒன்றுமில்லை என்று அறிவித்தும் கூட்டம் போகவில்லை. 1878 ஜூலை 3-ம் தேதி, ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள்.

ஏன்? கஞ்சிதான் காரணம் என்றால் கஞ்சி நின்றதும் போயிருக்க வேண்டுமே. இங்கேதான் யார் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆரணி, வேலூர் பக்கத்து நெசவாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. கஞ்சி குடித்தார்கள், தங்கள் சாமியைக் கும்பிட்டார்கள், தறிக்குத் திரும்பினார்கள். ஆற்காடு மிஷனில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த விவசாயக் கூலிகள். ஓங்கோலிலும் ஏறக்குறைய அதேதான். நிவாரண முகாமில் உயிர் போகிற நேரத்திலும் 'யார் சமைத்த கஞ்சி இது?' என்று கேட்டு முகம் திருப்பியவர்கள் இருந்த நாடு இது. அங்கே ஒருவன் பக்கத்தில் வந்து, தொட்டு, நாடி பிடித்துப் பார்த்து, 'உன் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தருகிறேன்' என்றால், அது அந்த மனுஷனுக்குக் கஞ்சியைவிடப் பெரிய விஷயம். 'சோத்துக் கிறிஸ்தவன்' என்று கேலி பேசியவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

அதற்காக எல்லா மிஷனரியும் கிளஃப் மாதிரி காத்திருந்தார்கள் என்று நான் சர்டிபிகேட் கொடுக்கப் போவதில்லை. பசித்தவன் முன்னால் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் புத்தகமுமாக நிற்பது எனக்கு உவப்பான காட்சி இல்லை, அது எந்த மதத்துப் புத்தகமானாலும். பெரியவரிடம் இதைக் கேட்டேன். நாடாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஊத்திட்டு சாமி பேரைச் சொன்னா கேட்டுக்கலாம் தம்பி. சொல்ல வெச்சிட்டு ஊத்துனாத்தான் தப்பு."

அதே பஞ்சத்தில் கருணைக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, புகைப்படப் பிரியர். எலும்பும் தோலுமான குடும்பங்களை ஸ்டூடியோவில் நிறுத்துகிற மாதிரி வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார். இன்றைக்கும் இந்தியப் பஞ்சம் என்றால் உலகம் பார்ப்பது அந்தப் படங்களைத்தான். படம் எடுத்து முடித்ததும் அவர்களைச் சும்மா அனுப்பிவிட்டார் என்று அவர் பெயரில் ஒரு கெட்ட பேச்சு நிலைத்துவிட்டது. வெள்ளம், சுனாமி என்று வந்தால் பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக்கொண்டே கேமராவைப் பார்க்கிற ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோமே.

இப்போது ஐடா. 1878-ல் குடும்பம் அமெரிக்கா போனது. அப்பா, அம்மா பிறகு இந்தியா திரும்ப, பெண் அங்கேயே தங்கிப் படித்தாள். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று திண்டிவனம் வந்தாள். வயசு பத்தொன்பது. ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். மனைவி பிரசவ வலியில் சாகக் கிடக்கிறாள், நீங்கள் வர வேண்டும். 'எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அழைத்துப் போங்கள்' என்றாள். ஆண் டாக்டரா? முடியாது என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே வேண்டுதல், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து. விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ரொட்டித் துண்டு செய்யாததை இந்த ராத்திரி செய்தது. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். முதலில் பிலடெல்பியா. அப்புறம் கார்னெல், 1899-ல் பட்டம். 1900 பிறக்கும்போது வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதத்திலேயே அப்பா இறந்துவிட்டார். பங்களாவிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம். 1902-ல், நியூயார்க்கிலிருந்து ஷெல் என்ற பணக்காரர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் பெண்களுக்கு 40 படுக்கை ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காக வாரம் ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு குடியாத்தம் ரோட்டில் போவார். அதுவும் நெசவு ஊர்தான், கைலிக்குப் பேர் போனது. வழியில் இன்ன மரத்தடி, இன்ன மரத்தடி என்று நிற்கிற இடங்கள் உண்டு. கண், காது, புண், காய்ச்சல் என்று ஜனம் காத்திருக்கும். குஷ்டரோகிகளும் வருவார்கள். பிற்பாடு மாட்டுவண்டி போய் ஒரு பெஜோ கார் வந்தது. அதைப் பேய் என்று நினைத்துக் கிராமத்து ஜனங்கள் ஓடியதாகக் கதை. பைபிள் வாசிப்பும் அந்த மரத்தடிகளில் நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. கேட்க இஷ்டமில்லாதவர்களும் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஆள் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? இங்கேதான் அந்த அம்மாவின் புத்திசாலித்தனம். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. முதல் வகுப்பில் 17 பேர். பெண்பிள்ளைகள் எங்கே பாஸ் பண்ணப் போகிறார்கள் என்று சந்தேகப்பட்ட துரைமார்கள் உண்டு. 1922-ல் 14 பேர் எல்.எம்.பி. முடித்து வெளியே வந்தார்கள். இனி திண்டிவனத்தில் கதவு தட்டப்பட்டால் போவதற்கு, அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, இன்று நாம் சி.எம்.சி. என்கிற கல்லூரியானது. ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அதுவும் கோடை.

பெரியவரின் 'பாவு' எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது இன்னொரு சி.எம்.சி. டாக்டரைப் பற்றி யோசித்தபோது. பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் வந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துகிற வித்தையைக் கண்டுபிடித்தார். உலகமே வியந்தது. ஆனால் கை சரியாகி ஊருக்குப் போன சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். என்ன விஷயம்? நிமிர்ந்த கையை நீட்டினால் பிச்சை விழவில்லை! பழைய நோயாளி என்று வேலையும் தர மாட்டேன் என்கிறார்கள். நல்லது செய்யப் போய் இருந்த பிழைப்பும் போய்விட்டது.

இன்னொருவராக இருந்தால் 'ஆபரேஷன் வெற்றி' என்று கணக்கை மூடியிருப்பார். பிராண்ட் கல்லூரி வளாகத்திலேயே மண் குடிசைகள் போட்டு 'நவஜீவ நிலையம்' ஆரம்பித்தார். தச்சு வேலை, பொம்மை செய்வது என்று பழக்கினார். சரியான கைக்கு ஒரு வேலை வேண்டுமே. ஆற்காடு மிஷன்காரர்கள் பஞ்சத்துக்கு அப்புறம் ஆரணியில் ஒரு தொழிற்பள்ளி நடத்தியதும் ஏறக்குறைய இதே யோசனையில்தான். அரசாங்கமும் தன் பங்குக்குப் பாடம் படித்தது. 1878-ல் பஞ்சக் கமிஷன் போட்டார்கள், 1880-ல் அறிக்கை, 1883-ல் பஞ்ச விதிகள் வந்தன. நெசவாளி போன்ற கைத்தொழில்காரருக்கு அவரவர் தொழிலிலேயே நிவாரணம் என்ற பேச்சு அதற்குப் பிறகு ஏட்டில் ஏறியது. 55 லட்சம் பேர் போன பிறகு.

பெரியவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். சுவரில் முருகன், பக்கத்தில் அவர் அப்பா படம். தறிக்குழியில் இறங்கப் போனவரிடம், "இந்த வயசுல பட்டு இழை கண்ணுக்குத் தெரியுதுங்களாய்யா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் தெரியாமத்தான் கெடந்தேன். செவப்பு எது, மெரூன் எதுன்னு பேத்திதான் சொல்லணும். அப்பறம் வேலூர்ல ஷெல் ஆஸ்பத்திரி இல்ல, நம்ம ஆரணி ரோட்டுலயே, அங்க போயி ரெண்டு கண்ணும் பண்ணிக்கிட்டேன்."

1902-ல் ஐடா கட்டிய அதே ஷெல் ஆஸ்பத்திரி. இப்போது சி.எம்.சி.யின் கண் ஆஸ்பத்திரி. காலையில் வேலூரிலிருந்து நாங்கள் வந்த பஸ் அந்த ரோட்டில்தான் கிளம்பியது. நான் சொன்ன ரொட்டிக் கதையைக் கேட்டுவிட்டுப் பெரியவர், "அந்தம்மா படம் அங்க மாட்டியிருந்தாங்க போல. அப்ப கண்ணு தெரியலியே" என்றார்.

அதற்குள் அத்தான் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையில் புடவைப் பை. முகத்தில் விலையைக் குறைத்துவிட்ட பெருமை. பெரியவர் "குடுங்க, பாக்கலாம்" என்று கையை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு புடவையை வாங்கினார். முந்தியைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விரலால் ஓரமாகத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"நல்ல தறிதான். இங்க மட்டும் ஒரு இழை அறுந்து, முடிச்சுப் போட்டிருக்கான் பாருங்க."

அத்தானும் நானும் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தோம், மாட்டிப் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.